இரும்பின் மேல் நின்று வெளிறும் ரோஜா

திருச்சுழி வட்டத்தில் பரளச்சியைச் சுற்றிய நிலம் கரிசல். மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் உளுந்தும் கம்பும் விதைக்கும் மானாவாரிக் காடு. விதைக்காமல் விட்ட இடத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொள்ளும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழை விழுந்ததும் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. இந்த மண்ணில், வீட்டு முற்றத்திலோ கிணற்றடியிலோ ஆசையாக ஒரு ரோஜாவை வைத்தவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். வண்டியில் விற்க வந்தபோது கரும்பச்சையாக இருந்த செடி, முதல் இரண்டு மாதம் நன்றாகத் துளிர்க்கும், பூக்கவும் செய்யும். பிறகு வரும் துளிரெல்லாம் வெளிறும். அதற்கடுத்த துளிர் எலுமிச்சை மஞ்சள். கடைசியில் வெள்ளைக்குப் பக்கத்தில் போய், ஓரம் கருகி நிற்கும்.

வைத்தவர் சும்மா இருப்பதில்லை. சத்துக் குறைவு என்று யூரியா போடுவார். பக்கத்து வீட்டில் டி.ஏ.பி. போடச் சொல்வார்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் நல்லது என்பார்கள், அடுப்புச் சாம்பலைத் தூவச் சொல்வார்கள், துருப்பிடித்த ஆணியை வேரடியில் புதைக்கச் சொல்வார்கள். அத்தனையும் அன்போடு செய்யப்படுகிறது. அதில் பாதி செடியை இன்னும் வேகமாக வெளிற வைக்கிறது. அது ஏன் என்று புரிய, மண்ணைத் தொடுவதற்கு முன் இலையைப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது? அடியிலிருக்கும் முதிர்ந்த இலையிலா, நுனியிலிருக்கும் துளிரிலா?

செடிக்குள் சில சத்துகள் இடம்பெயரக்கூடியவை. தழைச்சத்து குறைந்தால், செடி தன் பழைய இலைகளைப் பிரித்து அதிலுள்ள நைட்ரஜனை எடுத்துத் துளிருக்கு அனுப்புகிறது. எனவே தழைச்சத்துப் பஞ்சத்தில் அடி இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளாகும். நுனி கடைசி வரை பச்சையாக இருக்கும். மக்னீசியமும் அப்படித்தான், அடியில்தான் தொடங்கும். இரும்பு அப்படியல்ல. ஓர் இலையில் போய் அமர்ந்த இரும்பை அங்கிருந்து பெயர்த்தெடுத்து வேறு இலைக்குக் கொடுப்பது செடியால் எளிதில் முடியாத காரியம். வேரிலிருந்து புதிய வரத்து நின்றால் முதலில் பட்டினி கிடப்பது இன்று விரிந்த துளிர்தான். அந்தத் துளிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சை வலையாக நிற்கும், நடுவிலுள்ள பரப்பெல்லாம் மஞ்சளாக இருக்கும். பரளச்சிப் பக்கத்து முற்றங்களில் வெளிறும் ரோஜாக்களில் அதிகம் தெரிவது இந்த வலைதான்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பச்சையத்தில் இரும்பு இல்லை. தாவர நிறமிகளை ஆராய்ந்து 1915-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் பச்சையத்தில் இருப்பது மக்னீசியம் என்று நிறுவினார். நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ, மூலக்கூறின் நடுவில் ஒற்றை மக்னீசிய அணு அமர்ந்திருக்கிறது. ஆனால் அந்த மூலக்கூறைக் கட்டுகிற வழியில் இரும்பு இல்லாமல் நகராத படிகள் உண்டு. கட்டி முடித்த பிறகும், ஒளியிலிருந்து பெற்ற எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கு இரும்பு வேண்டும். ஆகவே இரும்பு குறைந்த இலையில் பச்சை மட்டும் குறைவதில்லை, உணவு தயாரிக்கும் வேலையே படுத்துவிடுகிறது. அந்தச் செடி பூக்க மறுப்பது இதனால்தான்.

இலை மஞ்சளுக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பைச் செய்து காட்டியவர் யூசேப் கிரி என்ற பிரெஞ்சுக்காரர். 1843, 1844 ஆண்டுகளில் அவர் வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்தார், இலைகளின் மேலும் இட்டுப் பார்த்தார். இலைகள் மீண்டும் பச்சையாயின. செடிக்கு எந்தெந்தத் தனிமங்கள் வேண்டும் என்ற பட்டியலே முழுமையாக உருவாகாத காலம் அது. நாம் இன்று வெளிறிய ரோஜாவுக்குச் செய்யும் முதலுதவி, 180 ஆண்டுகளுக்கு முன் அவர் செய்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை.

அப்படியானால் கரிசலில் இரும்பு இல்லையா? நிறைய இருக்கிறது. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறக்குறைய 5 சதவீதம் இரும்பு. மண்ணில் 3 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 10 கிலோ மண் கொண்ட தொட்டியில் 300 கிராம் இரும்பு கிடக்கிறது. ரோஜாவுக்கு வேண்டியதோ, ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு 0.1 கிராம் அளவில்தான். குலுக்கை நிறையக் கம்பு இருந்தும் அதன் வாய் அடைபட்டுக் கிடப்பது போன்ற நிலை இது. வாயை அடைத்தது எது?

சுண்ணாம்பு. இந்த வட்டாரத்தில் கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும் சுக்கான்கல்லைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் போக, மண்துகளோடு துகளாகவும் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது. அதனால் இந்தக் கரிசலின் பி.எச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே நிற்கும். ரோஜாவுக்குப் பிடித்தது 6 முதல் 6.5 வரை. இடைவெளி ஒன்றரை, இரண்டுதானே என்று தோன்றலாம். ஆனால் பி.எச். ஒரு புள்ளி ஏறினால், மண்நீரில் தனித்துக் கரைந்து நிற்கும் ஃபெரிக் இரும்பு அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. இரண்டு புள்ளிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீதி இரும்பெல்லாம் துருவாக, கரையாமல் மண்ணோடு கிடக்கிறது. ஆணியைப் புதைப்பது ஏன் பயன்படாது என்பதற்கும் இதுவே விடை: துரு ஏற்கெனவே மண்ணில் கிலோக்கணக்கில் இருக்கிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், சாம்பல் காரம். சுண்ணாம்பால் வாடும் செடிக்குச் சுண்ணாம்பும் காரமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டி.ஏ.பி.-யில் உள்ள மணிச்சத்து மிகுந்தால் அதுவும் இரும்பைச் செடியிடமிருந்து தள்ளி வைக்கும்.

வேர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இரும்பு குறைகிறது என்று உணர்ந்தவுடன் ரோஜாவின் வேர்நுனி தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசிய விடுகிறது. வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கான மண்ணை மட்டும் புளிக்க வைத்து, அங்குள்ள துருவைக் கரைத்து, வேரின் மேற்பரப்பிலேயே ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் இரும்பாக மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. புல் இனங்கள் வேறு வழியைக் கண்டிருக்கின்றன. இரும்பைப் பற்றிப் பிடித்துவரும் மூலக்கூறுகளை வேரிலிருந்து வெளியே அனுப்பி, இரும்போடு சேர்த்தே திரும்ப உள்ளிழுக்கின்றன. 1970-களில் ஜப்பானில் செய்-இச்சி தகாகி இதைக் கண்டறிந்தார். சுண்ணாம்பு மண்ணில் சோளவகைப் பயிருக்குப் பக்கத்து வரிசையில் விதைத்த நிலக்கடலை, தனியாக விதைத்ததைவிடப் பச்சையாக இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். ஒரு செடி கொண்டுவந்த இரும்பில் பக்கத்துச் செடியும் பங்கு பெறுகிறது. நம் கரிசலில் கம்பும் உளுந்தும் ஊடுபயிராகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

பருத்தியும் கருவேலமும் பச்சையாக நிற்கும் அதே மண்ணில் ரோஜா தோற்பதற்கு அதன் வேரின் முயற்சி போதாமை ஒரு காரணம். அந்த முயற்சியையும் முறியடிப்பது நாம் ஊற்றும் தண்ணீர்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். வாளியின் விளிம்பிலும் குழாய் முனையிலும் அதே வெள்ளை. தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் பிரிந்து கார்பனேட்டாகப் படிந்ததுதான் அது. இந்தப் பைகார்பனேட் அமிலத்தைக் கண்ட இடத்தில் விழுங்கிவிடும். வேர் அமிலத்தைக் கசிய விட விட, ஊற்றிய தண்ணீரிலுள்ள பைகார்பனேட் அதை அழிக்கிறது. வேர் பகலெல்லாம் உழைத்ததை ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் ஆக்குகிறது. செடி வாடுகிறதே என்று இன்னும் ஒரு வாளி ஊற்றினால் கேடு கூடும்.

மழைக்காலத்தில் இது தீர வேண்டும் அல்லவா, மழைநீரில் சுண்ணாம்பு இல்லையே? ஐப்பசி கார்த்திகையில்தான் பல செடிகள் கூடுதலாக வெளிறுகின்றன. கரிசலின் களிமண் ஈரம் பட்டதும் ஊதிப் பருத்து, கோடையில் வெடித்த பிளவுகளையெல்லாம் மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போக வழியில்லை. வேரும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கரியமில வாயு வெளியேறவும் வழியில்லை. அடைபட்ட வாயு மண்நீரில் கரைந்து, அங்குள்ள சுண்ணாம்போடு சேர்ந்து அதே பைகார்பனேட்டை மண்ணுக்குள்ளேயே உற்பத்தி செய்கிறது. மேட்டில் நின்ற செடி பச்சையாகவும் பள்ளத்தில் நின்றது மஞ்சளாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். வடிகால்தான் இதற்கு மருந்து, உரம் அல்ல.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகரை விட்டுக் காதருகே பிடியுங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு மண். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் மண்பரிசோதனை இருக்கிறது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கும் 12 அளவுகளில் பி.எச்., உப்பின் அளவு, இரும்பு மூன்றும் உண்டு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கரிசலை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ரோஜாவைப் பற்றியா கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம்.

சிலர் கந்தகம் போட்டு மண்ணையே புளிக்க வைக்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் சுண்ணாம்பை அழிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால், 10 கிலோ தொட்டியில் அரைக் கிலோ சுண்ணாம்பு. அதற்கு 160 கிராம் கந்தகம். ஓர் ஏக்கரில் மேலுள்ள அரையடி மண்ணுக்கு 14 டன்னுக்கு மேல் போகும். அதுவரை பி.எச். பெரிதாக இறங்காது. சுண்ணாம்பு மண்ணோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. செடியைச் சுற்றியுள்ள சிறு இடத்தை மட்டும் மாற்றுவதே நடக்கும் காரியம்.

முதலுதவி அன்னபேதி. உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேட்டாலும் கிடைக்கும். வெளிர் பச்சையாக இருப்பதை வாங்குங்கள். பழுப்பேறியது ஏற்கெனவே துருவாகிவிட்டது, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, பிறகு 5 கிராம் அன்னபேதி. கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்தபின், துளிர்களின் மேலும் அடியிலும் நனையத் தெளிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கரைத்தால் பாத்திரத்திலேயே பழுப்பேறிவிடும். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து ஒரு வாரம் பார்ப்பது நல்லது. இலையில் கரைசல் பட்ட இடமெல்லாம் பச்சைத் திட்டாகத் தெரிந்தால் குறை இரும்புதான் என்பது உறுதி. கருகினால் கரைசலைப் பாதியாக நீர்க்க வேண்டும். 10 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்கலாம். ஆனால் இன்று தெளித்த இரும்பு அடுத்த மாதத் துளிருக்குப் போய்ச் சேராது. தெளிப்பு நேரம் வாங்கித் தரும், வேரைக் குணப்படுத்தாது. சுவரிலும் சட்டையிலும் பட்டால் கறை போகாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அன்னபேதியைக் கரிசலில் நேரடியாகப் போட்டால் சில நாளில் துருவாகிக் கிடக்கும். மட்கிய தொழு எருவில் பத்துக்கு ஒரு பங்கு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் வைத்துப் பிறகு வேரடியில் இட்டால், எருவிலுள்ள கரிமப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கொடுக்கும்.

இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் மூலக்கூறுகளான கிலேட்டுகளும் கடையில் கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. இ.டி.டி.ஏ. வகை 1950-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரும் வெற்றி கண்டது. அங்கே இருந்தது புளிப்பு மணல். பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அந்த மூலக்கூறு இரும்பைக் கைவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கரிசல் மண்ணில் அதை ஊற்றுவது வீண். இலையில் தெளிக்க மட்டும் ஆகும். வேரடியில் இடுவதற்கு இ.டி.டி.எச்.ஏ. என்று பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். கருஞ்சிவப்புப் பொடி, விலை கூடுதல், பி.எச். 9 வரையிலும் இரும்பை விடாது. ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவருக்குச் சிறு பொட்டலமே நெடுநாள் வரும்.

தண்ணீரை மாற்ற முடிந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிது. 100 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தக் குழாயின் கீழே ஒரு பீப்பாய் வைத்தால், ஒரு செடிக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று ஒரு மழையை மாதம் முழுக்க வைத்திருக்கலாம். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்து விடும் தண்ணீரை மட்டும் ரோஜாவுக்கு ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீரைப் பிரித்துக்கொண்டு உப்பையெல்லாம் சேர்த்து அனுப்பிய மிச்சம் அது. இலை ஓரம் பழுப்பாகக் கருகிக்கொண்டே வந்தால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள்.

புதிதாக நடுபவர் முழங்கால் ஆழக் குழி எடுத்து, வினிகருக்குச் சீறாத செவல் மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, தரையைவிட ஒரு சாண் உயர்த்தி நட வேண்டும். கண்மாய் வண்டல் நல்லதாயிற்றே என்று போட்டுவிட வேண்டாம். கரிசல் காட்டிலிருந்து கரைந்து வந்த வண்டலிலும் அதே சுண்ணாம்பு இருக்கும். தழைச்சத்து வேண்டியபோது யூரியாவுக்குப் பதில் வளர்ந்த செடிக்கு ஒரு தேக்கரண்டி அம்மோனியம் சல்பேட் போதும். அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றிச் சற்றே புளிப்பை விடுகிறது.

எல்லா மஞ்சளும் இரும்பல்ல. பங்குனி, சித்திரை வெயிலில் இலை முழுதும் ஊசி குத்தியது போல வெளிறிப் புள்ளி விழுந்து, அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். காலை நேரத்தில் இலையின் அடியில் தண்ணீரை வேகமாக அடித்து, பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும். மழை நாளில் கரும்புள்ளி விழுந்து அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்து இலை உதிர்ந்தால் அது பூசண நோய். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடியில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி விழுவது முதுமை. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நமக்கு விற்கப்படும் ரோஜாக்கள் பெரும்பாலும் இரண்டு செடிகள். மேலே பூக்கும் வகை, கீழே வேறொரு ரோஜாவின் வேர். ரோசா மல்டிஃபுளோரா என்ற வேர்ச்செடி புளிப்பு மண்ணில் நன்றாக வளரும், சுண்ணாம்பைத் தாங்காது. ரோசா இண்டிகா ஒடோராட்டா ஓரளவு தாங்கும். சில நேரம் ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் கிளை பச்சைப்பசேலென்று கிளம்பி, மேலேயுள்ளது மஞ்சளாக நிற்பதைக் காணலாம். வாங்குபவருக்கு இந்த வேரின் பெயரை யாரும் சொல்வதில்லை, செடியில் கட்டிய சீட்டில் பூவின் படம் மட்டுமே இருக்கிறது. ஓசூரின் செம்மண்ணுக்கும் பரளச்சியின் கரிசலுக்கும் ஒரே வேர் போதாது. நாற்றுப்பண்ணைகள் வேர்ச்செடியின் பெயரைச் சீட்டில் அச்சிட வேண்டும். அதுவரை, அடுத்த முறை ரோஜா வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன் வேர் எது என்று கேளுங்கள்.